கஸ்தானே: கண்டி நாட்டின் விருது வாள்

குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருவீதியில் அமைந்துள்ள கலேவெல, இன்று மாத்தளை மாவட்டத்தின் வாணிக ஊர்களுள் ஒன்று. முன்னாளில் இப்பகுதி கண்டி இராச்சியத்துக்கு உட்பட்டிருந்தது. அரசன் பெயரால் மாகாணங்களை ஆண்ட திசாவைமார், அரசவைக்குச் செல்லும்போதும் விழாக்களில் உலா வரும்போதும் இடையிலே ஒரு குறுவாள் விளங்கும். அரசன் அளித்த பதவிக்கு அதுவே அடையாளம். அவ்வாளைச் சிங்கள மக்கள் ‘கஸ்தானே’ என்பர். ஊன்றுகோலின் பூணைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது எனக் கருதுவோர் உளர்.

கஸ்தானேயின் அலகு குறுகியது, சற்றே வளைந்தது, ஒருபுறம் மட்டும் கூருடையது. ஆயினும் காண்போர் கண் முதலில் நாடுவது அலகையன்று, கைப்பிடியையே. அதன் முடியில் வாய் பிளந்த சிங்க முகம் ஒன்று தோன்றும். சில வாள்களில் அதன் கண்களுக்குச் செந்நிறக் கற்கள் பதித்திருப்பர். கையைக் காக்கும் வளைவிலும் குறுக்குக் கொம்புகளிலும் சிறு மகரத் தலைகள் நிரை நிரையாய் விளங்கும். பொன், வெள்ளி, பித்தளை என அமைந்த கைப்பிடியின் உலோகம், உடையவரின் தகுதியைச் சொல்லாமற் சொல்லிற்று. இலங்கைத் தேசியக் கொடியிலே சிங்கம் ஏந்தி நிற்பதும் இவ்வகை வாளே.

கண்டி அரசனுக்கென ‘பட்டல் ஹத்தற’ எனப்பட்ட நான்கு பணிக்கூடங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று பொன்வாளின் பெயரையே தாங்கியது. அரசவைக் கம்மியரின் இக்கலைத் திறனை உலகறியச் செய்தவர், தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். அவர் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி எழுதிய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. பின்னர் 1942 இல் பி. இ. பி. தெரணியகல சிங்களப் படைக்கலங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். இவ்விருவர் எழுத்துக்களும் இத்துறையிற் புகுவோர்க்கு இன்றும் கைவிளக்காம்.

இத்தகைய வாளொன்றை எவ்வாறு மதிப்பிடுவது? பொன்னை நிறுத்து விலை கூறுவது தட்டார் கணக்கு. கூர்மையைச் சோதிப்பது போர்வீரன் கணக்கு. இவ்விரண்டும் விருது வாளுக்குப் பொருந்தா. அலகையும் பிடியையும் வேறு வேறாக நோக்கல் வேண்டும். அலகிலே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை காணப்பட்டால், வாள் போலியெனச் சிலர் ஐயுறுவர். அது தவறு. வெளிநாட்டிலிருந்து வந்த அலகுக்கு உள்நாட்டுக் கம்மியர் பிடி அமைத்தல் பெருவழக்காக இருந்தது. 1602 இல் நிறுவப்பட்ட அக்கம்பனியின் முத்திரை, அலகு அதற்கு முற்பட்டதன்று என்பதைக் காட்டும் சான்றாகும்.

அடுத்து நோக்கத்தக்கது தேய்வு. பல தலைமுறையாகக் கைபட்ட பிடியிலே, விரல் படியும் இடங்களில் வேலைப்பாடு மழுங்கியிருப்பது இயல்பு. அவ்விடங்களும் புதுக்கருக்கு மாறாமல் இருப்பின் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும். பழைய வாளைப் பளபளக்கத் தேய்ப்போர், இச்சான்றைத் தம் கையாலேயே அழித்துவிடுகின்றனர்.

இவை எல்லாவற்றினும் மேலானது, வாள் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்னும் வரலாறு. சப்பானியத் தூதர் ஹசேகுரா சுனேநாகா, ஐரோப்பாவுக்குச் சென்று 1620 இல் நாடு திரும்பியபோது கொணர்ந்த பொருள்களுள் கஸ்தானே ஒன்றும் இருந்தது. அஃது இன்று சென்டாய் நகர நூதனசாலையில் உள்ளது. பயணத்தின் ஆண்டு தெரிந்தமையால், இவ்வகை வாள் அக்காலத்துக்கு முன்பே உருப்பெற்றுவிட்டது என ஐயமின்றிக் கூற முடிகின்றது.

மற்றொரு வரலாறு துயரமானது. 1765 இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் படையுடன் கண்டியிற் புகுந்தார். மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் முன்னரே நகரை நீங்கியிருந்தான். அரண்மனை சூறையாடப்பட்டது. அங்கிருந்து அகன்ற அரும்பொருள்கள் பின்னர் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையைச் சேர்ந்தன. இரு நாட்டு அறிஞரும் அவற்றின் வழிவரலாற்றை ஆராய்ந்தனர். அதன் பயனாக 2023 டிசம்பரில், லெவ்கே திசாவையின் பீரங்கியும், பொன் கஸ்தானே ஒன்றும், வெள்ளிக் கஸ்தானே ஒன்றும், கத்தியொன்றும், இரு பெருந்துவக்குகளும் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு மீண்டன. அவற்றை மீட்டுத் தந்தது பொன்னின் எடையன்று. ஏடுகளிலிருந்து நிறுவப்பட்ட உண்மையே.

பிரித்தானியர் காலத்தில் முதலியார் பட்டம் பெற்றோரும் இவ்வாளைச் சீருடையோடு அணிந்தனர். ஆதலின் பிற்கால வாள்களும் பலவுள. அவை கண்டி அரசர் காலத்தன அல்ல. எனினும் அவை போலிகளும் அல்ல. அவரவர் காலத்துக்குரிய சான்றாக அவற்றையும் மதித்தல் முறை.

பழைய குடும்பமொன்றில் இத்தகைய வாள் இருக்குமாயின், உடையோர் செய்யத்தக்கது எளிது. தேய்த்து மெருகிடாதிருத்தல் வேண்டும். உறையையும் வாளையும் பிரித்து விற்றலாகாது. எந்த முன்னோர், எப்பதவியில் அதை அணிந்தார் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். எழுதப்படாத வரலாறு அம்முதியவரோடு மறைந்துவிடும். பின்னர் எந்த வல்லுநராலும் அதனை மீட்டல் இயலாது.

1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்களைத் தொல்பொருள் எனக் கொள்கின்றது. அனுமதியின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்வதைத் தடுக்கின்றது. கண்டி இராச்சியம் உடன்படிக்கையால் பிரித்தானியர் வசமான நாளும் அதுவே. அரசு மறைந்தது; அது அளித்த வாள் எஞ்சியது. அந்த வாளோடு அதன் வரலாறும் எஞ்சி நிற்கச் செய்வது உடையோர் கடனாகும்.