முற்றத்தை மறவாத பெண்மணி

தேவகோட்டையின் பழைய வீதிகளில் நடப்போர் அங்குள்ள பெருமனைகளை ஏறிட்டுப் பாராமல் செல்வதில்லை. திண்ணை கடந்து உட்புகுந்தால் வானம் தெரியும் முற்றம். அதனைச் சூழப் பர்மாத் தேக்குத் தூண்கள். காலுக்குக் குளிர்ச்சி தரும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் ஈட்டிய பொருள் இங்கே மனைகளாக உருப்பெற்றது. எனினும் வீட்டைத் திட்டமிடுவது ஆடவர் தொழில், அதில் புழங்குவதே பெண்டிர் கடன் என்பது நெடுங்காலம் உலக வழக்காய் இருந்தது. அவ்வழக்கை மாற்றிய பெண்மணி ஒருவர் நமக்கு மிக அண்மையில், நம்மவர் பலரும் வணிகம் செய்து வாழ்ந்த கண்டி மாநகரில் தோன்றினார். அவர்தாம் மினெட் டி சில்வா அம்மையார்.

1918ஆம் ஆண்டு பிறந்த அவருடைய தந்தையார் ஜார்ஜ் ஈ. டி சில்வா, இலங்கை தேசிய காங்கிரஸின் தலைவர்களுள் ஒருவர். அன்னையார் ஆக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். 1931இல் இலங்கைப் பெண்டிர் அவ்வுரிமையை எய்தினர். அத்தகைய இல்லத்திலும் மகள் கட்டடக்கலை கற்கப் புறப்பட்டபோது தயக்கம் எழாமலில்லை. பெரியோரை இணங்கச் செய்த பின்னரே அவர் பம்பாய் சென்றார். 1942இல் காந்தியடிகளின் விடுதலையைக் கோரிய கூட்டத்தில் கலந்துகொண்டார், மன்னிப்புக் கேட்க மறுத்தார், கல்லூரியினின்றும் நீக்கப்பட்டார். மனந்தளராது பெங்களூரில் ஜெர்மானியக் கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரிடம் பணிபுரிந்தார். பின்னர் லண்டன் சென்று ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் பள்ளியில் பயின்றார். 1948இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. ஆசியப் பெண்களுள் அச்சிறப்பை முதன்முதலாகப் பெற்றவர் அவரே.

மேனாட்டில் தங்கியிருந்தால் புகழுக்குக் குறைவில்லை; ஆயினும் புதிதாக விடுதலை பெற்ற தாயகத்திற்கே மீண்டார். பெற்றோர் இல்லத்திலேயே தொழிலகம் அமைத்தார். மலைச்சரிவில் அவர் எழுப்பிய கருணாரத்தின இல்லம் முதல் வெற்றியாயிற்று. கான்கிரீட்டும் கண்ணாடியும் அங்கே உண்டு. தும்பறைப் பாய் நெசவும், உள்ளூர்க் கைவினைஞரின் சுடுமண் ஓடுகளும் அவற்றோடு இணைந்து நின்றன. மேனாட்டு மாதிரியை அப்படியே பெயர்த்து வைப்பதையும் அவர் ஏற்கவில்லை. பழமையை வெறுமனே நகல் செய்வதையும் விரும்பவில்லை. முற்றமும் தாழ்வாரமும் இந்த வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றவை என்பதை நவீன அறிவைக் கொண்டே நிறுவினார்.

கண்டியை அடுத்த வட்டப்புலுவையில், 1958இல், அரசு ஊழியருக்கான வீட்டுத் திட்டத்தை அவர் மேற்கொண்டதே நம் சிந்தைக்கு மிக உகந்தது. ஏறத்தாழ 250 வீடுகள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் எனப் பல இனத்தார் அங்கே குடியேற இருந்தனர். அம்மையார் வரைபடத்தை முதலில் தீட்டவில்லை. வினாத்தாள் அளித்து, குடும்பங்களின் தேவை என்ன, வழக்கம் என்ன, வசதி எவ்வளவு என்று முதலில் கேட்டறிந்தார். சமையலறை எப்பக்கம், விருந்தினர் எங்கே அமர்வர், பெண்டிர் எங்கே இளைப்பாறுவர் என்பன ஒவ்வொரு சமூகத்திலும் வேறுபடும் அல்லவா? வாழப்போகிறவரைக் கேளாமல் வீடு கட்டலாகாது என்பதே அவர் கண்ட நெறி.

ஆயினும் காலம் அவருக்கு உரிய மதிப்பை வழங்கத் தவறிற்று. அவர் முன்னின்று வகுத்த வழியில் பின்வந்த ஆடவர் பெரும்புகழ் எய்தினர். அவர் கட்டிய பல மனைகள் இடிபட்டன. 1996இல்தான் இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. 1998 நவம்பரில், தம் 80ஆம் வயதில், அவர் கண்டியிலேயே மறைந்தார்.

அவர் பயின்ற அதே லண்டன் பள்ளிக்கு 1972இல் மற்றொரு கீழைநாட்டுப் பெண் வந்தார். பாக்தாதில் பிறந்து பிரிட்டிஷ் குடிமகளாகிய ஜஹா ஹதீத் அவர். 1994இல் கார்டிஃப் இசையரங்கிற்கான போட்டியில் வென்றும் அவரது திட்டம் கைவிடப்பட்டது. அவர் ஓயவில்லை. 2004இல் பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற முதற்பெண் என்னும் சிறப்பை எய்தினார். 2016இல் அரச கழகத்தின் தங்கப் பதக்கத்தைப் பெண்களுள் முதன்முதலாகத் தனித்துப் பெற்று, அவ்வாண்டு மார்ச் 31இல் மறைந்தார். கண்டிப் பெண்மணி திறந்த வாயிலின் வழியே பாக்தாத் பெண்மணி நெடுந்தூரம் சென்றார் எனலாம்.

இன்று நம் வட்டாரத்துப் பழைய மனைகள் பல இடிக்கப்படுகின்றன. அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. அவ்விடங்களில் முற்றமற்ற பெட்டிகள் எழுகின்றன. வெப்பத்தில் வாடுவோர் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்களே. வீட்டின் குறையும் நிறையும் அவர்களுக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரியாது. எனவே கோடும் கணக்கும் விரும்பிப் பயிலும் நம் பெண்மக்கள் இத்துறையை நாடும்போது, 'இது உனக்கு எதற்கு?' என்று கேளாதிருப்போம். அம்மையாருக்கு நாம் செய்யும் நன்றியும் அதுவே. நம் முற்றங்களுக்குச் செய்யும் நன்மையும் அதுவே.