சருகுமானும் மலாக்காத் தமிழும்

வேடரின் துப்பாக்கிக்குத் தாயைப் பறிகொடுத்த மான்கன்றின் கதையே ‘பாம்பி’. வியன்னா எழுத்தாளர் பெலிக்ஸ் சால்டன் 1923இல் நூலாக வெளியிட்ட புதினத்தைத் தழுவி, 1942இல் வால்ட் டிஸ்னி அதனைக் கார்ட்டூன் படமாக்கினார். உலகக் குழந்தைகள் அக்கன்றுக்காகக் கண்ணீர் சிந்தினர். ஆனால், மலாக்கா மண்ணுக்கென்றே ஒரு சிறு மான் உண்டு. அது கண்ணீரை வேண்டுவதன்று, வியப்பை வேண்டுவது.

ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில், மரநிழலில் இளைப்பாறிய பரமேசுவரனின் வேட்டைநாயை ஒரு வெண்சருகுமான் உதைத்துத் தள்ளியதாம். எளியதும் எதிர்த்து நிற்கும் நிலம் இதுவெனக் கண்டு, மன்னன் அங்கேயே நகரமைத்தான் என்பது மரபு. இன்றும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரு சருகுமான்கள் மரத்தின் இருமருங்கும் நிற்கக் காணலாம்.

‘சாங் காஞ்சில்’ என மலாய்க் கதைகள் போற்றும் இம்மானே மலேசியக் கார்ட்டூன் படத்தின் முதல் நாயகன். பிலேம் நெகாராவில் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் பெரும்பாலும் தனியொருவராக உருவாக்கிய ‘ஹிக்காயாட் சாங் காஞ்சில்’, 1983இல் மக்கள் பார்வைக்கு வந்தது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியும் நினைக்கத்தக்கது. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, நாகூர்த் தமிழ்ப் பெண்மணி ஒருவரின் வழித்தோன்றல். இளமையில் அவர் தமிழ் பயின்றார். வசதி படைத்தோர் தம் மக்களுக்குத் தமிழ் கற்பிப்பது அந்நகரின் வழக்கமென அவரே குறித்துள்ளார். 1835இல் அவர் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலும் முதலையை ஏமாற்றிய சருகுமானும் ஒரே அறிவின் இரு வடிவங்கள் அல்லவா? ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததெனத் துணிதற்கில்லை. எனினும், மலாக்காவில் இரண்டும் அண்டை வீட்டாராய் வாழ்ந்தன என்பதில் ஐயமில்லை.

நம் பள்ளிகளில் மாணவர்கள் சாங் காஞ்சிலை மலாய்ப் பாடத்திலும் முயலைத் தமிழ்ப் பாடத்திலும் தனித்தனியே சந்திக்கின்றனர். இரண்டையும் இணைத்துக் காட்டும் ஆசிரியர் அரியர். ஆதலால் தோட்டத்துப் பிள்ளை, இந்நாட்டுக் கதையைப் பிறர் உடைமையெனவும் தன் கதையைக் கடல்கடந்து வந்ததெனவும் எண்ணி வளர்கிறது. இரப்பர்க் காடுகள் செம்பனையாக மாறின. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணம் பெயர்ந்தன. இந்நிலையில், தன் மொழி இம்மண்ணில் வேரூன்றிய வரலாற்றை அப்பிள்ளை அறிதல் இன்றியமையாதது.

இழப்பைத் தாங்கப் பாம்பி கற்பிக்கலாம். வலியோர் முன் நிலைத்து நிற்கச் சருகுமானே கற்பிக்கும். அதனைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது ஆசிரியராகிய நம் கடனாகும்.