மனித எதிர்ப்பொருள் சிகிச்சை (கொசுவழி வைரஸ் நோய்கள்)

டெங்கு, சிக்குன்குனியா, சிகா போன்ற நோய்களிலிருந்து மீண்டவர்களின் பி-செல்களைப் பிரித்தெடுத்து, அவை உருவாக்கும் எதிர்ப்பொருள்களில் வீரியமான ஒன்றைத் தேர்ந்து, ஆய்வகத்தில் பெருமளவில் தயாரித்து உடலில் செலுத்தும் முறை. தடுப்பூசியைப் போலப் பாதுகாப்பு உருவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்பு நிரந்தரமல்ல. விலையும் அதிகம், கொசுவழி நோய்கள் மிகுந்த ஏழை நாடுகளுக்கு இது சிறிய தடையல்ல.

2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்த இசட்.ஐ.கே.வி-117 என்ற எதிர்ப்பொருள், கருவுற்ற எலிகளில் சிகா வைரஸ் நஞ்சுக்கொடிக்கும் கருவுக்கும் பரவுவதைக் குறைத்தது. சிக்குன்குனியாவுக்கு மாடர்னா நிறுவனம் வேறு வழியில் போனது: எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் குறிப்பை மட்டும் எம்.ஆர்.என்.ஏ.வாகச் சிரைவழி ஏற்றி, உடலையே அதைத் தயாரிக்க வைத்தது. மனிதரிடம் நடந்த சோதனையின் முதல் முடிவுகள் 2019இல் வெளிவந்தன.

டெங்குதான் பெரிய தலைவலி. அதில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் இன்னொரு வகையின்மீது அரைகுறையாக ஒட்டினால், வைரஸை அழிப்பதற்குப் பதிலாக, எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றும் எஃப்.சி. ஏற்பி வழியே வெள்ளணுக்களுக்குள் அதுவே கூட்டிச்சென்றுவிடும்; நோய் முற்றும். இதைத் தவிர்க்க அந்த வால்பகுதியில் 234, 235ஆம் இடங்களிலுள்ள லூசின் என்ற அமினோ அமிலங்களை அலனின் என்ற அமினோ அமிலமாக மாற்றுகிறார்கள். ஏற்பியின் பிடி தளர்கிறது. வைரஸைப் பற்றும் முனைக்குச் சேதமில்லை.