வனப்பரப்பு சார்ந்த நிதிப் பகிர்வு

வனப்பரப்பு சார்ந்த நிதிப் பகிர்வு என்பது, ஒன்றிய அரசு திரட்டும் வரியை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும்போது ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள அடர்காட்டின் அளவையும் கணக்கில் சேர்க்கும் முறை. அரசமைப்புச் சட்டத்தின் 280ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக்குழு இதை டெல்லியிலிருந்து பரிந்துரைக்கிறது. 2015-16 நிதியாண்டு முதல் நடைமுறையில் உள்ளது.

இதன் வேர் கூடலூரில் இருக்கிறது. நீலகிரி மாவட்டத்திலுள்ள அவ்வூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து, கேரளத்தின் நிலம்பூரைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை நாடெங்கும் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. அருணாசலப் பிரதேசத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலுள்ள வெப்பமண்டல மழைக்காடுகளில் எந்த மரத்தையும் வெட்டக் கூடாது என்று தனியாகவே தடை விதித்தது. மரமும் ஒட்டுப்பலகையும்தான் அன்று அம்மாநிலத்தின் சொந்த வருவாயில் முக்கியமானவை. காடு பிழைத்தது. ஆனால் சாலைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அந்த ஆணையில் பதில் இல்லை. நீதிமன்றம் தரக்கூடிய பதிலும் அல்ல அது.

பதில் வரப் பல ஆண்டுகள் ஆயின. 12ஆவது நிதிக்குழு காடுகளுக்கென மாநிலங்கள் அனைத்துக்குமாக 1,000 கோடி ரூபாயும், 13ஆவது குழு 5,000 கோடியும் மானியமாகப் பரிந்துரைத்தன. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது குழுதான் மானியத்தை விட்டு வரிப் பங்கீட்டுச் சூத்திரத்துக்குள்ளேயே காட்டைக் கொண்டுவந்து 7.5 சதவீத எடை கொடுத்தது. என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது குழு அதை 10 சதவீதமாக உயர்த்தியது.

இவ்விரு குழுக்களின் கணக்கு எளிது. விதான அடர்த்தி, அதாவது மர உச்சிகள் தரையை மூடும் அளவு, 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது அடர்காடு. மாநிலங்களின் மொத்த அடர்காட்டில் ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு பங்கோ, காட்டுக்கென ஒதுக்கிய தொகையிலும் அதே பங்கு. நாட்டின் அடர்காட்டில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அருணாசலத்தில் இருக்கிறது. 13ஆவது குழுவின் காலத்தில் மாநிலங்களுக்கான வரியில் 0.328 சதவீதம் பெற்ற அம்மாநிலம், 14ஆவது குழுவில் 1.370 சதவீதமும் 15ஆவது குழுவில் 1.757 சதவீதமும் பெற்றது. 2011 கணக்கெடுப்பில் 14 லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம் அது. இத்தகைய பகிர்வுக்கு வெளிநாட்டில் முன்னோடி உண்டு: பிரேசிலின் பரனா மாநிலம் 1990களின் தொடக்கத்திலேயே இயற்கையைக் காக்கும் நகராட்சிகளுக்கு விற்பனை வரியில் பங்கு தந்தது. இந்தியாவில் புழங்கும் தொகை அதைவிடப் பன்மடங்கு பெரியது. 2015இல் ஐ.நா.வுக்கு அளித்த காலநிலை உறுதிமொழியில் இந்தியா இந்த ஏற்பாட்டை எடுத்துக்காட்டியது. 2030க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான அளவைக் காடுகளிலும் மரங்களிலும் சேமிப்பதாக உறுதி கூறியதும் அதே ஆவணத்தில்தான்.

பணத்தைக் காட்டுக்கே செலவிட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் இந்தப் பணம் இழந்த வருவாய்க்கான ஈடு. அதில் மருத்துவமனை கட்டினால் தவறென்ன? உண்மையான குறை அளவுகோலில் இருக்கிறது. இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படத்தில் விதானத்தைத்தான் பார்க்கிறது. நிலம் யாருடையது, மரம் என்ன என்று பார்ப்பதில்லை. கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறையின் ரப்பர்த் தோட்டமும் அதை அடுத்த மலைச்சரிவின் பசுமைமாறாக் காடும், விதானம் ஒரே அளவு அடர்ந்திருந்தால் ஒரே வகையில் சேரும். மழைக்காடு மண்ணிலும் மரத்திலும் தேக்கும் அளவுக்குக் கரியை ரப்பர் தேக்காது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. தவிர, பங்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையே நிர்ணயமாகிறது. இடையில் வெட்டினாலும் வளர்த்தாலும் பங்கு மாறாது.

இன்னொரு குறை, யூனியன் பிரதேசங்கள் இந்தப் பங்கீட்டிலேயே வருவதில்லை என்பது. அந்தமான் நிக்கோபார் தீவுகள் யூனியன் பிரதேசம். ஷோம்பென் பழங்குடியினர் வாழும் கிரேட் நிக்கோபாரில், கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம் ஆகியவற்றுக்காக 130.75 சதுர கி.மீ. காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2022 அக்டோபரில் கொள்கையளவில் அனுமதி கிடைத்தது. ஈடாக மரம் நடக் குறிக்கப்பட்ட இடம், டெல்லியை ஒட்டிய வறண்ட ஹரியானா. தீவின் நிர்வாகச் செலவுக்கான பணம் ஒன்றிய பட்ஜெட்டிலிருந்து நேராகப் போகிறது. அங்கே மழைக்காடு நின்றாலும் வீழ்ந்தாலும் நிதிக்குழுவின் சூத்திரப்படி ஒரு ரூபாய்கூடக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.