அமிலமும் ஈயமும்: டெவன் சூலைநோயின் வரலாறு

மதுவாக்கத்தில் நீரும் சாறும் எவ்வளவு அமிலத்தன்மை கொண்டிருக்கலாம் என்ற வினாவை, அவற்றை ஏந்தும் கலத்தின் உலோகம் யாது என்ற வினாவிலிருந்து பிரித்தல் இயலாது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் மாவட்டம் இவ்வுண்மையைப் பெருந்துன்பத்தின் வாயிலாகவே கற்றுக்கொண்டது.

அப்பிள் சாற்றை நொதிக்கச் செய்து பெறப்படும் சைடர் என்னும் மது அம்மாவட்ட மக்களின் அன்றாடப் பானமாக விளங்கியது. அதனை அருந்தியோரிற் பலர் கடுஞ்சூலை, மலச்சிக்கல், கைமுடக்கம் ஆகியவற்றால் அல்லலுற்றனர். 1739இல் இந்நோயைப் பற்றி விரித்தெழுதிய பிளைமவுத் மருத்துவர் ஜோன் ஹக்ஸம், சைடரின் புளிப்பையே காரணமாகக் கொண்டார்.

1767இல் ஜோர்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் இலண்டனில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். டெவனிற் பிறந்தவரான அவர், ஈயத்தோடு தொழில் புரிவோரைப் பீடிக்கும் நோயை இது ஒத்திருத்தலைக் கண்டார். ஹெரபட்சயர் மாவட்டத்தாரும் சைடர் அருந்தினர். ஆயின் அங்கு இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. வேறுபாடு ஆலைகளில் இருந்தது. டெவனில் ஆலைக் கற்களைப் பொருத்துவதற்கு ஈயம் உருக்கி வார்க்கப்பட்டது. சாறு பிழியும் பொறிகள் சிலவற்றின் உட்புறமும் ஈயத்தகட்டினால் மூடப்பட்டிருந்தது. ஹெரபட்சயரில் இவ்வழக்கம் இல்லை. பேக்கரின் இரசாயனச் சோதனைகளில் டெவன் சைடரில் ஈயம் வெளிப்பட்டது. ஹெரபட்சயர் சைடரில் அது காணப்படவில்லை.

அப்பிளின் அமிலமும், சைடர் புளிக்கும்போது தோன்றும் அசற்றிக்கமிலமும் ஈயத்தைக் கரைக்கவல்லன. அசற்றிக்கமிலத்தால் உண்டாகும் ஈய உப்பு இனிப்புச் சுவையுடையது. எனவே அருந்துவோரின் நாக்கு நஞ்சை உணர்த்துவதில்லை. ஹக்ஸம் அமிலத்தைக் கண்டார்; அது தீண்டிய உலோகத்தைக் காணத் தவறினார்.

பேக்கரின் முடிவு டெவனில் எளிதில் ஏற்கப்படவில்லை. சைடர் அம்மாவட்டத்தின் வருவாய்க்கும் பெருமைக்கும் உரியதாயிருந்தமையால், அதனைக் குறைகூறியவர் பிறந்த மண்ணுக்கே பகைவராகக் கருதப்பட்டார். 1769இல் தோமஸ் அல்கொக் அவரை மறுத்து நூலொன்று வெளியிட்டார். எனினும், காலப்போக்கில் ஆலைகளிலிருந்து ஈயம் அகற்றப்பட, நோயும் அருகியது. மக்கள் சைடரைக் கைவிடவில்லை. அதன் புளிப்பும் மாறவில்லை.

1909இல் கோபன்ஹேகனிலுள்ள கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் சோரன்சன் பீ.எச். அளவுகோலை வகுத்தபின், அமிலத்தன்மையை எண்ணாற் குறிப்பது எளிதாயிற்று. ஆயினும் அவ்வெண் தனித்து நின்று ஒரு பானத்தின் தீங்கின்மைக்குச் சான்றாகாது. அதனை ஏந்திய கலமும் சேர்த்து ஆராயப்படல் வேண்டும் என்பதே டெவனின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.