வெளிநாட்டு வேலைக்கு சான்றிதழில் முத்திரை: அப்போஸ்டிலா, அட்டெஸ்டேஷனா? எந்த நாட்டுக்கு எது?

துபாயில் வேலை கிடைத்தாச்சு. ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்தாச்சு. விசா வேலையைத் தொடங்கும் முன் நிறுவனம் ஒன்றே ஒன்று கேட்கிறது: டிகிரி சான்றிதழை அட்டெஸ்ட் செய்து அனுப்புங்கள். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கெசட்டட் ஆபீசரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கிய ஜெராக்ஸை அனுப்பி, அது செல்லாது என்று பதில் வந்த பிறகுதான் இது வேறு சமாச்சாரம் என்று புரிகிறது. அதற்குள் சேர வேண்டிய தேதி நெருங்கிவிடும்.

வேலை, மேல்படிப்பு, குடும்ப விசா, குழந்தையின் பள்ளி அட்மிஷன் என எதற்காக வெளிநாடு போனாலும் இந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். எந்த முத்திரை, எந்த வரிசையில், எங்கே வாங்குவது? விரிவாகப் பார்க்கலாம்.

இந்த முத்திரை எதற்கு?

மதுரையில் ஒரு பல்கலைக்கழகப் பதிவாளர் போட்ட கையெழுத்து உண்மையானதா என்பது தோஹாவில் இருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்தை மாநில அரசால் சரிபார்க்க முடியும். மாநில அரசு அதிகாரியின் கையெழுத்து மாதிரி மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் இருக்கும். அமைச்சகத்தின் கையெழுத்து வெளிநாட்டுத் தூதரகத்துக்குத் தெரியும். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கு முந்தைய கையெழுத்துக்கு மட்டும் சாட்சி சொல்கிறது. மொத்த நடைமுறையும் இந்தச் சங்கிலிதான். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்த அலுவலகம் ஆவணத்தைத் தொடாது.

அப்போஸ்டில் அப்படின்னா என்ன?

இந்தச் சங்கிலியைச் சுருக்குவதற்காக 1961 அக்டோபர் 5-ம் தேதி நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் உருவானது. இதில் சேர்ந்த நாடுகள், ஒன்று கொடுக்கும் ஒரே சான்றை மற்றொன்று ஏற்கும். தூதரக முத்திரை தேவையில்லை. அந்த ஒற்றைச் சான்றின் பெயர்தான் அப்போஸ்டில். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தியாவில் இது ஸ்டிக்கராக அசல் ஆவணத்தில் ஒட்டப்படும். எந்த நாடு, யார் கையெழுத்திட்டது, என்ன பதவியில், எந்த முத்திரை, எங்கே, எப்போது சான்றளிக்கப்பட்டது, வரிசை எண் என 10 விவரங்கள் அதில் இருக்கும். எந்த மொழி பேசும் நாடாக இருந்தாலும் தலைப்பு பிரெஞ்சு மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதி.

எந்த நாட்டுக்கு எது?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ஆவணம் எந்த நாட்டில் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்தே பாதை மாறும்.

அப்போஸ்டில் போதும்: அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான், தென்கொரியா, ஓமன், பஹ்ரைன் போன்ற நாடுகள். சிங்கப்பூரில் 2021 செப்டம்பரிலும், சவுதி அரேபியாவில் 2022 டிசம்பரிலும், கனடாவில் 2024 ஜனவரியிலும் இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதனால் பத்து வருஷம் முன்னாடி சவுதி போன சித்தப்பா சொல்லும் வழிமுறை இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

தூதரக அட்டெஸ்டேஷன் வேண்டும்: ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை இந்த ஒப்பந்தத்தில் இல்லை. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், பிறகு இந்தியாவில் உள்ள அந்நாட்டுத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம் என்று ஒவ்வொன்றாகப் போக வேண்டும். கடைசியாக அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சகச் சான்றும் தேவைப்படும்.

ஜெர்மனி தனிக்கதை: இரு நாடுகளுமே ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால், இவ்விரு நாடுகளுக்கு இடையே அப்போஸ்டில் செல்லாது. இந்திய ஆவணங்களை ஜெர்மனி தனியாக விசாரித்துச் சரிபார்க்கிறது. படிக்கப் போகும் மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். என்ற கல்விச் சான்று சரிபார்ப்பும் கட்டாயமாகியிருக்கிறது. ஏஜென்ட் பேச்சை நம்பி ஜெர்மனிக்கு அப்போஸ்டில் வாங்குவது வீண் செலவு.

புதிய நாடுகள் சேர்ந்துகொண்டே இருப்பதால், ஹேக் மாநாட்டு அமைப்பின் இணையதளத்தில் உள்ள பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

தமிழ்நாட்டில் எங்கே தொடங்குவது?

ஆவணங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

கல்விச் சான்றிதழ்கள்: பட்டம், டிப்ளமோ, 10 மற்றும் 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். இவற்றை மாநிலக் கல்வித் துறை சான்றளிக்க வேண்டும். அதற்கு முன் சான்றிதழ் உண்மையானதுதான் என்று பல்கலைக்கழகமோ தேர்வு வாரியமோ உறுதி செய்ய வேண்டியிருக்கும். அதிக நாட்களை இழுப்பது பெரும்பாலும் இந்தப் படிதான்.

தனிநபர் ஆவணங்கள்: பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம் போன்றவை. இவற்றுக்கு மாநில அரசின் உள்துறை அல்லது பொதுத் துறை அளவிலான சான்று தேவை.

வணிக ஆவணங்கள்: நிறுவனப் பதிவு, ஏற்றுமதி தொடர்பான தாள்கள். இவற்றுக்கு வர்த்தக சபை சான்றளிக்கும்.

இதற்குப் பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் டெல்லி போக வேண்டியிருந்தது. இப்போது சென்னையில் உள்ள அமைச்சகத்தின் கிளைச் செயலகத்திலேயே வேலை முடிகிறது. ஆனால் 2012 ஜூலை முதல் பொதுமக்களிடம் அமைச்சகம் நேரடியாக ஆவணம் வாங்குவதில்லை. அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனங்கள் மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். ஓர் ஆவணத்துக்கு அப்போஸ்டில் கட்டணம் 50 ரூபாய். சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு அமைச்சகக் கட்டணம் கிடையாது. சேவை நிறுவனத்துக்கான சிறு தொகை தனி.

ஆன்லைன் வழியும் இருக்கிறது. 2017-ல் தொடங்கப்பட்ட ‘இ-சனத்’ தளத்தில், ஆவணத்தை வழங்கிய அமைப்பு இணைந்திருந்தால், வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். முதலில் இணைந்தது சி.பி.எஸ்.இ. உங்கள் பல்கலைக்கழகமோ வாரியமோ அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அலைச்சலைத் தொடங்கலாம்.

பெரும்பாலும் எங்கே சிக்கும்?

லேமினேஷன்: சான்றிதழ் கெட்டுப்போகக் கூடாதுன்னு பாசத்தோடு லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின் மேல்தான் விழ வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் உறை இருந்தால் சிக்கல். வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்துப் பிரிக்க முயன்று அசலையே கிழித்துக்கொள்ள வேண்டாம். முடியாத நிலையில் மதிப்பெண் சான்றிதழுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடமும், பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திடமும் இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்கலாம்.

இனிஷியல்: தமிழர்களுக்கே உரிய தலைவலி இது. மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ்.கார்த்திக்’ என்றிருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ‘கார்த்திக் செல்வராஜ்’ ஆகியிருக்கும். குடும்பப் பெயர் பழக்கம் உள்ள நாட்டு அதிகாரிக்கு இவர்கள் இரண்டு பேர். முத்திரைக்குக் கொடுக்கும் முன்பே, இதை எப்படி ஏற்பீர்கள் என்று நிறுவனத்திடமோ கல்லூரியிடமோ எழுத்தில் கேட்டுவிட வேண்டும். ‘இருவரும் ஒருவரே’ என்ற பிரமாணப் பத்திரம் கேட்டால், அந்தப் பத்திரமும் இதே சங்கிலி வழியாகப் போக வேண்டியிருக்கும். எழுத்துப் பிழை என்றால் வழங்கிய அலுவலகத்திலேயே திருத்த வேண்டும். பேனாவால் திருத்தினால் ஆவணமே செல்லாமல் போகும்.

பிறப்புச் சான்றிதழ்: பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய சான்று வாங்கிய பிறகே அடுத்த படி.

திருமணச் சான்று: கோயில், தேவாலயம், பள்ளிவாசல், மண்டபம் எங்கே நடந்திருந்தாலும், அங்கு கொடுத்த ரசீதோ கடிதமோ போதாது. 2009-ம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயம். பதிவாளர் கொடுத்த சான்றுதான் சங்கிலியில் நுழையும்.

அங்கீகாரமில்லாத பயிற்சி நிலையம்: அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தொடர்பில்லாத நிறுவனம் கொடுத்த கோர்ஸ் சான்றிதழில் முதல் கண்ணியே கிடையாது. பணம் கட்டிச் சேரும் முன்பே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முத்திரை எதைச் சொல்லாது?

அப்போஸ்டில் இருந்தால் சான்றிதழில் உள்ள எல்லாமே உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கையெழுத்து உண்மையானது, போட்டவருக்கு அந்தப் பதவி இருந்தது, முத்திரை அசலானது. இவ்வளவுதான் அது சொல்கிறது. இந்தப் படிப்பு அந்த நாட்டுப் படிப்புக்குச் சமம் என்றோ, வேலைக்குத் தகுதியானது என்றோ சொல்வதில்லை. நர்ஸ், டாக்டர், இன்ஜினியர் போன்ற தொழில்களுக்கு அந்தந்த நாட்டின் உரிமத் தேர்வும் சரிபார்ப்பும் தனியாக உண்டு.

ஸ்டிக்கருக்குக் காலாவதி தேதி கிடையாது. ஆனால் அது ஒட்டப்பட்ட ஆவணம் பழையதாகலாம். உதாரணமாக, போலீஸ் கிளியரன்ஸ் சான்று சில மாதங்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். அதனால் அதைக் கடைசியாக எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஏஜென்டிடம் கொடுக்கலாமா?

நேரமில்லாதவர்கள் கொடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கையை விட்டுப் போவது அசல் சான்றிதழ் என்பதை மறக்கக் கூடாது. கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். ஆவணங்களின் பெயரும் எண்ணும் எழுதிய ரசீது வாங்க வேண்டும். அரசுக் கட்டணம் எவ்வளவு, ஏஜென்ட் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

‘மூணே நாள்ல முடிச்சுத் தர்றோம்’ என்பவர்களிடம், மாநில அளவில் எந்த அலுவலகத்தின் சான்று வாங்குவீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். கல்வித் துறைக்குப் பதில் எஸ்.டி.எம். எனப்படும் உட்கோட்ட நடுவர் சான்றோடு முடிக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. சில இடங்களில் அது ஏற்கப்படும். சில தூதரகங்களும் நிறுவனங்களும் பட்டச் சான்றிதழுக்குக் கல்வித் துறைச் சான்றுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிடும். அப்போது செலவு இரட்டிப்பு.

போலி ஸ்டிக்கர் ஆபத்தும் இருக்கிறது. திரும்பி வந்ததும் அதில் உள்ள எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். போலி முத்திரை அந்த நாட்டில் பிடிபட்டால் சிக்குவது ஏஜென்ட் அல்ல, சான்றிதழுக்கு உரியவர்தான்.

அங்கிருந்து இங்கே வரும் பத்திரங்கள்

இதே விதி மறுதிசையிலும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகன் தஞ்சாவூர் நிலத்தை விற்க அப்பாவுக்குப் பவர் கொடுக்க வேண்டும் என்றால், அங்குள்ள நோட்டரி முன் கையெழுத்திட்டு அந்த மாகாணத்தின் அப்போஸ்டில் வாங்கலாம். அல்லது இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திடலாம். அமீரகம் போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு இந்தியத் தூதரகமே எளிய வழி.

பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்த வேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டம். வந்த தேதிக்கு ஆதாரமாகத் தபால் கவரையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

சுருக்கமாக, செய்ய வேண்டியவை

1. எந்த நாடு, எந்தெந்த ஆவணம், எந்த அளவுச் சான்று என்பதைக் கேட்பவரிடமே எழுத்தில் வாங்குங்கள்.
2. பெயர், பிறந்த தேதி, இனிஷியலை பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுங்கள்.
3. பல்கலைக்கழக, வாரிய சரிபார்ப்பை முதலில் தொடங்குங்கள்.
4. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தேவைப்பட்டால் தூதரகம் என்ற வரிசையை மாற்றாதீர்கள்.
5. அசலைக் கொடுக்கும் முன் ஸ்கேன், கொடுத்ததும் ரசீது, திரும்பி வந்ததும் எண் சரிபார்ப்பு.

ஆஃபர் லெட்டர் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. எந்த நாடு என்பது முடிவாகாவிட்டாலும், பெயர்ப் பிழைத் திருத்தத்தையும் பல்கலைக்கழக சரிபார்ப்பையும் இப்போதே முடித்து வைக்கலாம். அதிக நாள் பிடிப்பவை இவை இரண்டும்தான்.