கிளியும் ஒருநாள் இறங்கும்

இலங்கையின் வன்னியில் கிளித்தட்டு ஆட வாங்கிவைக்க வேண்டியது எதுவுமில்லை. அறுவடை முடிந்த வயலோ கோயில் வெளியோ போதும். தரையில் கோடு கீறினால் களம் தயார். மறிக்கும் பக்கத்தார் குறுக்குக் கோடுகளில் நிற்பர். அவர்களின் தலைவனான கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். மற்றப் பக்கத்தார் மறிப்பவரிடம் அடிபடாமல், கோடுகளுக்கு இடையிலுள்ள தட்டுகளை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும். ஒருவருக்கு அடி விழுந்தாலே பக்கம் மாறும். ஓடியவர் மறிப்பர், மறித்தவர் ஓடுவர். தாக்குதலும் காவலும் ஒரே உடம்பின் இரண்டு வேலைகள் என்பதே இந்த ஆட்டத்தின் அடிப்படை.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தும் தொடக்கத்தில் இப்படித்தான் இருந்தது. 1941இல் ஆள்மாற்று விதி தளர்ந்ததும், தாக்க ஓர் அணி, தடுக்க ஓர் அணி எனப் பிரிக்க வழி பிறந்தது. 1953இல் அதற்குத் தடை வந்தது. 1960களின் நடுவில் தடை நீங்கியது. பிரித்தால் திறமை கூர்மையாகும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு ஆள்பலமும் பணமும் வேண்டும். ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு பேரே திரளும் இடத்தில் எல்லோரும் எல்லாம் செய்தால்தான் ஆட்டமே நடக்கும். கிளி தனித்திறமைக்காரன்தானே என்று கேட்கலாம். பக்கம் மாறினால் அவனும் தட்டில் இறங்கித்தான் ஆகவேண்டும். மறித்துப் பழகியவனுக்கே எந்த இடைவெளியில் நுழையலாம் என்பதும் தெரியும். ஆகவே இருபக்க ஆட்டத்தை வறுமையின் ஈடுகட்டல் என்று மட்டும் சொல்வது போதாது. அது ஒரு பயிற்சிமுறையும்கூட.